நோயில் இருக்கும் நண்பரிடம் என்ன பேசுவது?

கேள்வி: பொன்மலை ரயில்வே பணிமனையில் ஒரே ஆண்டில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர்கள் நாங்கள் நால்வர். ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவருக்கு மறதி நோய். என்னைப் பார்த்ததும் ‘சாப்பிட்டியா?’ என்று கேட்கிறார், ஆனால் என் பெயர் தெரிவதில்லை. மூன்றாமவர் பக்கவாதத்தால் ஓராண்டாகப் படுக்கையில் இருக்கிறார். போன வாரம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அடுத்த தடவை ஆஸ்பத்திரியில குழாயெல்லாம் மாட்ட வேண்டாம்னு என் பையன்கிட்ட சொல்லுடா’ என்றார். ‘உனக்கு ஒன்றும் ஆகாது’ என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்றிரவு தூக்கமே இல்லை. எனக்கும் 72 வயதாகிறது. இவர்களைப் பார்த்துவிட்டு வரும்போதெல்லாம் அடுத்தது நான்தானோ என்ற பயம் வருகிறது. போவதைக் குறைத்துக்கொள்ளலாமா?
— திருச்சி வாசகர்

பதில்: குறைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே சங்கொலிக்கு ஓடிப்போய் வேலைக்கு நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சாயும்போது மனம் தன் முறையை எண்ணிப் பார்க்கத்தான் செய்யும். அந்தப் பயம் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்றிரவு உங்களைத் தூங்கவிடாதது, நண்பர் நம்பிச் சொன்ன சொல்லை வாங்கிக்கொள்ளாமல் வந்துவிட்டோமே என்ற உறுத்தலும்தான் என்று எனக்குப் படுகிறது. இதே பிழையை நானும் செய்திருக்கிறேன். கல்லூரித் தோழர் ஒருவர் ‘இனி நாள் அதிகமில்லை’ என்று தொடங்கியபோது, தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு பேச்சை மாற்றினேன். பிறகு அவர் அந்தப் பேச்சை என்னிடம் எடுக்கவே இல்லை. என்ன சொல்ல வந்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆகவே இந்த வாரமே போய், ‘அன்று சொன்னாயே, அதைச் சொல்’ என்று நீங்களே கேளுங்கள். குழாய் வேண்டாம் என்பவர்களில் பலர், சாவை நினைத்து அல்ல, மகனுக்கு ஆகும் செலவையும் தீவிர சிகிச்சைப் பிரிவின் தனிமையையும் நினைத்தே அப்படிச் சொல்கிறார்கள்; எது என்பதைப் பொறுமையாகக் கேட்டறியுங்கள். அதற்குப் பிறகும் அவர் உறுதியாக இருந்தால், மகனை அருகில் வைத்துக்கொண்டு எழுதச் செய்யலாம். மீள வழியில்லாத நிலையில் உயிர்காப்புச் சிகிச்சை வேண்டாம் என்று தெளிவான மனத்தோடு இருக்கும்போதே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றும் போதும் என்றது.

மறதி நோயுள்ள நண்பரிடம் ‘நான் யார், தெரிகிறதா?’ என்று கேட்டுச் சோதிக்க வேண்டாம். பதில் தெரியாதபோது அவர் கூசிப்போவார். அந்த நோயில் பெரும்பாலும் அண்மை நினைவுகள்தாம் முதலில் நழுவுகின்றன. இளமைக்கால நினைவும் கை பழகிய வேலையும் நெடுநாள் தங்குகின்றன. எங்கள் தெருவில் இருந்த தையல்காரர் ஒருவர், மகளின் பெயரை மறந்த பிறகும், போர்வையின் ஓரத்தைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மடித்து, நகத்தால் நீவி, நேராக இருக்கிறதா என்று கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். உங்கள் நண்பரிடம் ஒரு பழைய ஸ்பேனரைக் கொடுத்துப் பாருங்கள். நீலகிரி மலை ரயிலுக்குப் பணிமனையில் நீராவி என்ஜின் கட்டிய கதையை எடுங்கள்.

புறநானூற்றின் 243-ஆம் பாடலில், தடியூன்றி நடுங்கி நிற்கும் கிழவர், நீரின்மேல் தாழ்ந்த மருத மரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் வியக்கக் குதித்து, ஆழத்திலிருந்து மணலை அள்ளி வந்த இளமையை நினைத்து ஏங்குகிறார். சாவைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தம் போன்ற முதியவர்களை, இருமலுக்கு நடுவே சில சொல் பேசுபவர்கள் என்கிறார். அந்தச் சில சொற்கள் வரும்வரை பக்கத்தில் ஒருவர் காத்திருக்க வேண்டும் அல்லவா? பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போவதைவிட, நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு, கடிகாரத்தைப் பார்க்காமல் ஒரு மணி நேரம் உட்காருங்கள். வீடு பொன்மலைக்கு அருகில்தான் என்றால், பணிமனைச் சங்கு ஊதும் வேளைக்கு அங்கே போய்ச் சேருங்கள்.