கூலன்ட், பிரேக் ஆயில், ஆசிட்: பட்டறைக்காரரிடம் சில கேள்விகள்

கார் பட்டறையில் இருபது வருஷமாகக் கை கருத்தவன் என்பதுதான் என் தகுதி. அதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

வண்டி சூடேறி நின்றுவிட்டது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து உடனே தண்ணீர் ஊற்றலாமா?

விசில் வந்துகொண்டிருக்கும்போது குக்கர் மூடியைத் திருகுவீர்களா? அதே கதைதான். உள்ளே அழுத்தம் இருப்பதால், இன்ஜின் சூட்டைத் தணிக்கிற திரவமான கூலன்ட் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடி தளர்ந்ததும் அத்தனையும் ஒரே நேரத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும். எங்கள் பட்டறையிலேயே ஒரு பையன் அவசரப்பட்டுத் திறந்து, முழங்கை வரை தோல் உரிந்து கிடந்தான்.

இன்ஜினை அணைத்துவிட்டு அரை மணி நேரமாவது காத்திருங்கள். ரேடியேட்டர் மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள், சுடாமல் இருக்கணும். அப்புறம் தடித்த துணியை மூடிமேல் போட்டு, முதலில் கொஞ்சமாகத் திருகி, 'உஸ்' சத்தம் அடங்கிய பிறகு முழுசாக எடுங்கள். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இன்ஜினின் மேல்பாகமான ஹெட் விரிசல் விடலாம், அது தனிச் செலவு.

மீந்த கூலன்ட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறேன். தப்பா?

பெரிய தப்பு. பெரும்பாலான கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைகால். இனிக்கும், பச்சையோ சிவப்போ, பார்க்க சர்பத் மாதிரியே இருக்கும். தரையில் சிந்தினால் நாய் நக்கும். குடித்தவருக்கு முதலில் போதை ஏறியதுபோலத் தள்ளாடும், பிறகு சிறுநீரகத்தைப் பிடிக்கும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற வேலை வேண்டாம். கூலன்ட் டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிரேக் ஆயில் பானட்டில் சிந்திவிட்டது. துடைத்தால் போதுமா?

துடைக்கவே துடைக்காதீர்கள், பெயின்ட் துணியோடு வரும். நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். டாட் 3, டாட் 4 என்று டப்பாவில் போட்டிருக்கிற பிரேக் ஆயில் வகை இரண்டும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். போன வருஷம் திறந்த டப்பாவில் மிச்சம் இருந்தால் அதை வண்டியில் ஊற்ற வேண்டாம்.

பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

மோதிரம், வாட்ச் கழற்றி வைத்துவிட்டு, முதலில் நெகட்டிவ் ஒயரை எடுங்கள். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். பேட்டரி மூடித் துளைக்குள் அது போகக் கூடாது. பேட்டரிக்குள் தண்ணீர் அளவு குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், ஆசிட் ஊற்றாதீர்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. சார்ஜ் ஆகிற பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன்.

ஸ்டீயரிங்குக்கும் டாஷ்போர்டு பாலிஷ் போடலாமா?

வேண்டாம். வழுக்கும். பெடலுக்கும் இதே பதில்தான்.

பிரேக் பாகத்து அழுக்கைப் போக்குகிற பிரேக் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்துவிட்டு வெல்டிங் வைக்கலாமா?

டப்பாவைப் படியுங்கள். குளோரின் சேர்ந்த வகை என்றால் வெல்டிங் சூட்டில் பாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் ஆள் கொல்லப் பயன்படுத்திய வாயு அது. குளோரின் இல்லாத வகையும் சுலபமாகத் தீப்பிடிக்கும். அதனால் எந்த வகையானாலும் வெல்டிங் வைக்கிற இடத்தில் அடிக்காதீர்கள்.

கையில் ஒட்டிய கிரீஸுக்குப் பெட்ரோல்தான் சரி என்கிறார்களே?

நானும் பல வருஷம் அப்படித்தான் கழுவினேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்துப்போனதுதான் மிச்சம். இப்போது தேங்காய் எண்ணெய் தடவி, மரத்தூள் போட்டுத் தேய்த்து, பாத்திர சோப்பால் கழுவுகிறேன். ஐந்து நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான்.