நீல ரிக் விழுந்தும் பதில் இல்லை

கேள்வி: பெப்ரவரியில் எங்களுக்குப் பதிவுத் திருமணம் நடந்தது. அவர் மூன்று கிழமை நின்றுவிட்டு ரொறன்ரோ திரும்பிவிட்டார். என்னைக் கனடாவுக்கு எடுக்கிற ஸ்பொன்சர் அலுவல் நடக்கிறது. அவருக்குப் பின்னேர ஷிப்ட், 3 மணியிலிருந்து 11 மணிவரை. இரவு 2 மணிக்கு விழித்துப் பார்த்தால் வட்ஸ்அப்பில் 'ஒன்லைன்' என்று நிற்கிறார். எனக்கு ஒரு சொல் இல்லை. நீல ரிக் விழுந்தும் பதில் வராவிட்டால் அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடாது. கதைப்பதையெல்லாம் ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைக்கச் சொல்கிறார், கோப்புக்குத் தேவையாம். காதல் என்று நான் நினைத்திருந்தது இதுதானா?
- கோண்டாவில் வாசகி

பதில்: அன்புத் தங்கச்சி, முதலில் அந்த 2 மணியைப் பார்ப்போம். கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. உங்களுடைய இரவு 2 மணி அவருக்கு முதல்நாள் பின்னேரம் 4.30. வேலையில் நிற்கிறார், இடைவேளையில் போனை எடுத்திருப்பார். நீங்கள் நித்திரை என்று நினைத்தே எழுதாமல் விட்டிருக்கலாம். 'ஒன்லைன்' என்றால் வட்ஸ்அப் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒற்றைச் சாம்பல் ரிக் என்றால் செய்தி உங்கள் போனை விட்டுப் போயிற்று. இரட்டைச் சாம்பல் என்றால் அவர் போனில் சேர்ந்தது. நீலம் என்றால் அங்கே திறக்கப்பட்டது. ஆற அமர வாசித்தாரா, வேலைக்கு நடுவில் ஒரு கண்ணால் பார்த்தாரா என்பதை நீலம் சொல்லாது.

பிரிவு எங்களுக்குப் புதிதல்ல. பாலைக்குப் பிரிதல், முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல் என்று சங்கக் காதல் பாடல்களின் அகத்திணையில் வகுத்தே வைத்தார்கள். முல்லைத் தலைவிக்குக் கார்காலம் என்றொரு தவணை இருந்தது, அவன் சொல்லிவிட்டுப் போன சொல் இருந்தது. இடையில் அவன் என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்க்க அவளுக்கு வழி இல்லை. 1990களில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுக் கடிதத்துக்குக் கிழமைக் கணக்கில் காத்திருந்த பெண்களுக்கும் வழி இருக்கவில்லை. அதை அழகான காலம் என்று சொல்லவே மாட்டேன். கடிதம் பிந்தினால் ஆள் இருக்கிறாரா என்ற பயம் வந்த காலம் அது. ஆனால் அவர்கள் காத்திருந்தார்கள், நீங்கள் காவல் இருக்கிறீர்கள். போன் தூரத்தை அப்படியே விட்டுவிட்டு, எட்டிப் பார்க்க ஒரு துவாரத்தை மட்டும் தந்திருக்கிறது. உங்கள் ஏக்கம் எரிச்சலாக மாறுவது அந்தத் துவாரத்தடியில்தான்.

அதை அடைக்கலாம். வட்ஸ்அப் செற்றிங்ஸில் பிரைவசிக்குள் போய், 'லாஸ்ற் சீன்' என்பதை 'நோபடி' ஆக்குங்கள். கீழே ஒன்லைனுக்கு 'சேம் அஸ் லாஸ்ற் சீன்' என்று கொடுங்கள். பிறகு 'ரீட் ரிசீற்ஸ்' இனை நிறுத்துங்கள். உங்களுடையதை மறைத்தால் அவருடையதும் உங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு வேண்டியது அதுதான். குழுக்களில் மட்டும் நீல ரிக் தொடர்ந்து விழும், ஆகவே குடும்பக் குழுவுக்குள் போய்த் துப்புத் துலக்காதீர்கள். மாற்றுவதற்கு முதல் அவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மறைத்தால் அவர் பக்கத்தில் ஒரு சந்தேகம் முளைக்கும்.

அடுத்தது தவணை. அவர் வேலைக்குப் போகுமுன் காலை 11.30 என்று வைத்தால் உங்களுக்கு இரவு 9. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள். அதன்பின் அதே 11.30 உங்களுக்கு இரவு 10. இதை மறந்து பழைய நேரத்துக்கு எடுத்து, அவர் நித்திரைக் கலக்கத்தில் கதைக்க, மனத்தாங்கலில் முடிந்த கோல்கள் கனக்க. கிழமைக்கு நாலு நாள், அரை மணித்தியாலம் போதும். நாள் முழுக்கத் துண்டு துண்டாகச் 'சாப்பிட்டாச்சா' கேட்டுக்கொண்டிருந்தால் இரவில் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாது.

வீடியோவில் கதைக்கும்போது போனைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, எதிலாவது சாத்தி வையுங்கள். கமரா திரைக்கு மேலே இருப்பதால், அவர் முகத்தைப் பார்க்கிற நீங்கள் அவருக்குக் கீழே பார்ப்பது போலத்தான் தெரிவீர்கள். முக்கியமானதைச் சொல்லும்போது கமராவைப் பாருங்கள். லைன் இழுபட்டால் பதில் பிந்தும். அந்த இடைவெளியைத் தயக்கம் என்று எடுக்கவேண்டாம். மோசமாக இழுபட்டால் வீடியோவை நிறுத்திக் குரலில் மட்டும் கதையுங்கள்.

ஸ்க்ரீன்ஷொட் விடயத்தில் அவர் சொல்வது சரி. உறவு உண்மையானது என்பதற்குக் கனடாக் குடிவரவுத் திணைக்களம் ஆதாரம் கேட்கும், தொடர்பில் இருந்ததற்கான சான்றும் அதில் அடங்கும். ஆனால் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத பத்திரங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கவேண்டும் என்பதால், எல்லாவற்றையும் சேர்ப்பது வீண் செலவு. வெவ்வேறு மாதங்களிலிருந்து சில பக்கங்களைத் தெரிந்தெடுங்கள். செய்திகள் தானாக அழியும் 'டிஸப்பியரிங்' வசதி நிறுத்தியிருக்கிறதா என்று பாருங்கள். மாதத்துக்கு ஒருநாள் 'எக்ஸ்போர்ட் சற்' செய்து சேமியுங்கள். மற்ற நாட்களில் கோப்பை மறந்துவிடுங்கள். அதிகாரி வாசிக்கப்போகிறார் என்ற நினைப்போடு எழுதத் தொடங்கினால் உங்கள் செல்லச் சண்டை முதலில் போய்விடும். அது போகக்கூடாது.

மாதம் ஒருமுறை கையால் ஒரு கடிதம் எழுதி விமானத் தபாலில் போடுங்கள். கோலில் சொல்லாத ஒன்றை அதில் வையுங்கள்: முற்றத்து மல்லிகை பூத்தது, மாமி அவரைப் பற்றிச் சொன்னது, அவர் போன அன்று நீங்கள் அழுதது. அது போய்ச் சேரும்வரை படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள்.