ஏர் பூட்டிய குதிரைகளும் பத்து மோட்டார் சைக்கிள்களும்

கேள்வி: பழங்கால வேளாண்மையைச் செய்து காட்டும் பண்ணை அருங்காட்சியகத்துக்கு நண்பர்கள் பத்துப் பேர் மோட்டார் சைக்கிளில் செல்லவிருக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: சாலையில் உங்கள் தடத்துக்குள்ளேயே இடமும் வலமுமாக மாறி மாறி அணிவகுத்து, நேர் முன்னால் செல்பவரிடமிருந்து குறைந்தது 2 விநாடி இடைவெளி விடுங்கள், வளைவுகளில் ஒற்றை வரிசையே நல்லது. உண்மையான சோதனை பண்ணை வாசலில்தான். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பண்ணை அருங்காட்சியகத்தில் 1850ஆம் ஆண்டுப் பண்ணையைக் காளைகளும் 1900ஆம் ஆண்டுப் பண்ணையைக் குதிரைகளும் உழுகின்றன. இத்தகைய இடத்தில் பத்து எஞ்சின்கள் ஒருசேர உறுமி, ஏரில் பூட்டிய குதிரை மிரண்டால், கலப்பையைப் பிடித்திருப்பவர்தான் முதலில் அடிபடுவார் என்பதால், வாகன நிறுத்தத்தில் எஞ்சினை வீணாக முறுக்காமல் உடனே அணைத்துவிடுங்கள். புல்தரையானால் சைடு ஸ்டாண்டு மண்ணில் புதைந்து வண்டி சாயும் (கனமான வண்டிக்காரர்களுக்கு இது தெரிந்த கதை). அடியில் தட்டையான பலகைத் துண்டு ஒன்றை வையுங்கள்.