சந்தைக்குக் கொண்டுபோன பணத்தைப் பறக்கும் படை எடுத்துக்கொண்டால்...

கேள்வி: நான் ஆட்டு வியாபாரி. தேர்தல் தேதி அறிவித்த மறுவாரம், விடியற்காலை நாலரை மணிக்குக் குட்டி யானையில் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தபோது பறக்கும் படை வண்டியை மறித்தது. சீட்டுக்கு அடியில் மஞ்சள் பையில் 1,85,000 ரூபாய் இருந்தது. 1,10,000 ரூபாய் கறிக்கடைக்காரர் ஒருவர் கொடுத்த பழைய பாக்கி. மீதி 75,000, மனைவியின் நகையை வங்கியில் வைத்து, கணக்கில் வந்த பணத்தை முந்தின நாள் எடுத்தது. "50,000க்கு மேல் இருக்கிறது, ஆவணம் இல்லை" என்று முழுப் பணத்தையும் எடுத்துக்கொண்டு, ஒரு தாளில் கையெழுத்து வாங்கி நகல் கொடுத்தார்கள். வழக்கு எதுவும் போடவில்லை என்கிறார்கள். கலெக்டர் ஆபீஸுக்குப் போனால் ஆளுக்கொரு அறையைக் காட்டுகிறார்கள்.

இன்னொன்று. ஆறு மாதத்துக்கு முன்னால், தேர்தல் எதுவும் இல்லாத நேரத்தில், என் மைத்துனரை இரவு வாகனச் சோதனையில் நிறுத்தி, லைசென்ஸ் காலாவதியானதைக் காட்டி பைக்கையும், பாக்கெட்டில் இருந்த 32,000 ரூபாயையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அபராதம் கட்டியதும் பைக் வந்தது. பணம் வரவில்லை, ரசீதும் இல்லை. அமெரிக்காவில் போலீஸ் இப்படி எடுத்த பணத்தைத் திருப்பியே தருவதில்லை என்று யூடியூபில் பார்த்தேன். இங்கும் அப்படித்தானா? வக்கீல் வைக்க வேண்டுமா?

பதில்: முதலில் உங்கள் பணம். அது திரும்ப வரும். உங்கள் கடிதத்தில் உள்ளபடி எஃப்.ஐ.ஆர். இல்லை என்றால், வாக்குப்பதிவு முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தேர்தல் வந்தால் டீக்கடை முதல் நகைக்கடை வரை எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். சோதனைச் சாவடியில் நிற்கும் பல அதிகாரிகளும் அப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். தேர்தல் ஆணையம் 2015 மே 29 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில் அது இருக்கிறது. அங்கே எழுதியிருப்பது, வேட்பாளரோ அவருடைய முகவரோ கட்சிக்காரரோ பயணம் செய்யும் வண்டியில், அல்லது சுவரொட்டி போன்ற தேர்தல் பொருட்கள் ஏற்றிய வண்டியில், 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் கைப்பற்றலாம் என்பதுதான். வாக்காளருக்குக் கொடுக்க என்று சந்தேகப்படும்படியான 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுப் பொருட்கள், மது, ஆயுதம் இவையும் அந்தப் பட்டியலில் உண்டு. மஞ்சள் பையோடு சந்தைக்குப் போகும் ஆட்டு வியாபாரி அந்த வாக்கியத்துக்குள் வரவே மாட்டார்.

அதே நெறிமுறை இன்னொன்றும் சொல்கிறது. 10 லட்சத்துக்கு மேல் பணம் இருந்து, குற்றச் சந்தேகமோ கட்சித் தொடர்போ இல்லாவிட்டால், சாலைகளில் நின்று சோதனையிடும் கண்காணிப்புக் குழு அதைக் கைப்பற்றவே கூடாது. வருமான வரித் துறைக்குத் தகவல் கொடுத்தால் போதும். பத்து லட்சத்துக்கே அந்த மரியாதை என்றால் உங்கள் ஒன்றே முக்கால் லட்சத்துச் சொச்சத்துக்கு என்ன என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

சரி, இதையெல்லாம் ரோட்டோரத்தில் வாதாடியிருக்கலாமா? வேண்டாம். விடியற்காலையில், நாலு போலீஸும் ஒரு வீடியோக்காரரும் நிற்கும் இடத்தில் நெறிமுறையைப் பற்றிப் பேசி யாரும் ஜெயித்ததில்லை. அங்கே கவனிக்க வேண்டியது வேறு. சோதனை நடக்கும்போது நிர்வாக நடுவர் அதிகாரம் உள்ள அலுவலர், பெரும்பாலும் துணை வட்டாட்சியர் நிலையில் ஒருவர், அங்கே இருக்க வேண்டும். முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். பெண்களின் கைப்பையைப் பெண் அலுவலர் இல்லாமல் தொடக்கூடாது. பணத்தை எடுத்தால் மகஜர், அதாவது எதை எடுத்தார்கள் என்ற கைப்பற்றல் பட்டியல், எழுதி ஒரு பிரதியை உங்களிடம் கொடுக்க வேண்டும். எங்கே மேல்முறையீடு செய்வது என்பதை அந்த மகஜரிலேயே எழுதியிருக்க வேண்டும், வாயாலும் சொல்ல வேண்டும்.

நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். "உரிய ஆவணமின்றி ரூ.1,85,000" என்று ஒரே வரி. நேரம் எழுத வேண்டிய இடம் காலி. மேல்முறையீடு பற்றி ஒரு சொல் இல்லை. ஒழுங்கான மகஜர் என்றால் "500 ரூபாய் தாள்கள் 362, 200 ரூபாய் தாள்கள் 20" என்று தாள் வாரியாக இருக்கும். நாளைக்குக் கருவூலத்தில் பணம் வாங்கும்போது எண்ணிக்கையில் தகராறு வராமல் இருக்க இதுதான் ஒரே காப்பு. நல்லவேளையாக மொத்தத் தொகையைச் சரியாக எழுதியிருக்கிறார்கள், அலுவலர் கையெழுத்தும் இருக்கிறது. போதும். வீடியோ பதிவின் நகலை 300 ரூபாய் கட்டிப் பொதுமக்கள் யாரும் வாங்கலாம் என்று நெறிமுறையிலேயே இருக்கிறது. பிரச்சினை வந்தால் அதையும் கேளுங்கள். வராவிட்டால் வீண் செலவு.

இப்போது நீங்கள் தட்ட வேண்டிய கதவு. ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென்றே மூன்று அதிகாரிகள் கொண்ட குழு உண்டு: மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் திட்ட இயக்குநர், தேர்தல் செலவினக் கண்காணிப்புக்கான பொறுப்பு அலுவலர், மாவட்டக் கருவூல அலுவலர். இரண்டாமவர்தான் ஒருங்கிணைப்பாளர். நம் ஊரில் பல மாவட்டங்களில் ஆட்சியரின் நேர்முக உதவியாளர் (கணக்கு) அந்தப் பொறுப்பில் இருப்பார். கலெக்டர் ஆபீஸில் "தேர்தல் பிரிவு எங்கே" என்று கேட்டால் சுற்றவிடுவார்கள். "செலவினக் கண்காணிப்புப் பிரிவு எங்கே, பணம் விடுவிக்கும் குழுவின் ஒருங்கிணைப்பாளர் யார்" என்று கேளுங்கள். அவருடைய தொலைபேசி எண்ணை விளம்பரப்படுத்த வேண்டும் என்றும் ஆணையம் சொல்லியிருக்கிறது.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். யார், எங்கே, எந்தத் தேதி, எவ்வளவு, எதற்குக் கொண்டுபோன பணம், எப்படி வந்தது, எந்தக் கட்சியோடும் தொடர்பில்லை, வழக்கும் இல்லை. அவ்வளவுதான். கூடவே நகைக் கடன் ரசீது, 75,000 எடுத்தது பதிவான பாஸ்புக் பக்கம், கறிக்கடைக்காரரிடம் கடிதம். அந்தக் கடிதம்தான் உங்கள் மனுவின் பலவீனமான இடம். வெள்ளைத் தாளில் "பணம் கொடுத்தேன்" என்று எழுதினால் குழு முகம் சுளிக்கும். எந்தெந்தத் தேதியில் எத்தனை ஆடு, என்ன விலை, பாக்கி எவ்வளவு என்று அவருடைய கணக்கு நோட்டில் இருக்கும் பக்கத்தின் நகலோடு, அவருடைய கடை உரிமத்தின் நகலையும் சேர்த்து வாங்குங்கள். முந்தைய வாரங்களின் சந்தைச் சுங்கச் சீட்டு வீட்டில் எங்காவது கிடந்தால் அதுவும் உதவும். நீங்கள் வாரம் தவறாமல் போகும் வியாபாரி என்று அது காட்டும். எட்டயபுரமானாலும் மணப்பாறையானாலும் பொள்ளாச்சியானாலும் கால்நடைச் சந்தை ரொக்கத்தில்தான் ஓடுகிறது என்பது அந்த அதிகாரிகளுக்கும் தெரியும். அவர்களுக்குத் தேவை, நாளை தணிக்கை வந்தால் காட்ட ஒரு தாள்.

மனுவை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆரோ புகாரோ இல்லை, கட்சித் தொடர்பும் இல்லை என்றால், குழு உடனே காரணங்களை எழுதி, பணத்தை விடுவிக்க ஆணை போட வேண்டும். நீங்கள் மனு கொடுக்காவிட்டாலும் ஒவ்வொரு கைப்பற்றலையும் தானாகவே எடுத்துப் பார்ப்பது அதன் வேலை. எது எப்படியானாலும் வழக்கில்லாத பணம் வாக்குப்பதிவு முடிந்து 7 நாளுக்கு மேல் கருவூலத்தில் கிடக்கக் கூடாது. அதைத் தாண்டினால்தான் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு பற்றி யோசிக்க வேண்டும்.

ஒருவேளை எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் பாதை மாறும். குழுவின் கை கட்டப்பட்டுவிடும்; எல்லைக்குட்பட்ட குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில்தான் பணத்தைக் கேட்க வேண்டும். அதனால் மனு கொடுக்கும் முன்பு காவல் நிலையத்தில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வருமான வரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வரிச் சட்டம் சொல்கிறது. கறிக்கடைக்காரர் கொடுத்தது 1,10,000 என்பதால் உங்களுக்குச் சிக்கல் இல்லை. பயத்தில் "எல்லாமே நகைக் கடன் பணம்" என்று மாற்றி எழுதிவிடாதீர்கள். பாஸ்புக் உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

இனி உங்கள் மைத்துனர். இது வேறு கதை, இதில்தான் எனக்குக் கவலை.

லைசென்ஸ் காலாவதியானால் அபராதம் போடலாம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 207ஆம் பிரிவின்படி வண்டியை நிறுத்தியும் வைக்கலாம். சட்டைப் பையில் இருந்த பணத்துக்கும் லைசென்ஸுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. போலீஸ் ஒருவருடைய பணத்தைக் கைப்பற்ற வேண்டுமென்றால் அது திருட்டுப் பணம் என்றோ, ஏதோ குற்றம் நடந்திருக்கிறது என்றோ சந்தேகிக்கும்படியான சூழ்நிலை இருக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 102ஆம் பிரிவு; 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக அமலில் உள்ள பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தில் 106. அப்படிக் கைப்பற்றினால் உடனடியாக நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். புதிய சட்டத்தின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் முடிந்தவரை செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறது. பிறகு ஃபார்ம் 95 போட்டுப் பொருளை நீதிமன்றத்தில் ஒப்படைப்பார்கள். இவை நடந்திருந்தால் அதே புதிய சட்டத்தின் 503ஆம் பிரிவில் ஒரு மனு போட்டுப் பணத்தை வாங்கிவிடலாம். கைப்பற்றிய பொருளை மாதக்கணக்கில் காவல் நிலையத்தில் போட்டு வைக்காதீர்கள், 15 நாளிலிருந்து ஒரு மாதம்தான் அதிகபட்சம் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லியிருக்கிறது.

ஆனால் மகஜரும் இல்லை, வழக்கும் இல்லை, நடுவருக்குத் தகவலும் இல்லை என்றால் அதற்குக் கைப்பற்றல் என்று பெயரில்லை. பணத்தைப் பறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அப்படித்தான் புகாரும் எழுத வேண்டும். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவு அஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். தேதி, நேரம், இடம், அபராத ரசீதின் எண் எல்லாம் அதில் இருக்கட்டும். அபராத ரசீது இங்கே தங்கம். அன்று அந்த இடத்தில் அந்தப் போலீஸார் அவரை நிறுத்தினார்கள் என்பதற்கு அவர்களே கொடுத்த சாட்சி அது. கூடவே 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, அன்றிரவு அந்த இடத்தில் வாகனச் சோதனைப் பணியில் இருந்தவர்கள் யார், நிலையப் பொது நாட்குறிப்பில் என்ன பதிவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

மறுநாள் பைக்கை எடுக்க ஸ்டேஷனுக்குப் போயிருப்பாரே, அங்கே பணத்தைக் கேட்டாரா? காவல் நிலையங்களில் கேமரா வைத்து 18 மாதம் பதிவைப் பாதுகாக்க வேண்டும், அந்த வசதி இல்லாத இடத்தில்கூட ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று 2020இல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆறு மாதம்தான் ஆகிறது. பதிவை அழிக்காமல் வைக்கும்படி அந்தப் புகாரிலேயே எழுதச் சொல்லுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் போகலாம், ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டினால் அவர்கள் எடுக்க மாட்டார்கள்.

32,000 ரூபாய் அவரிடம் இருந்தது என்பதை எதைக் கொண்டு காட்டுவது? அன்று மாலை ஏ.டி.எம்.மில் எடுத்திருந்தால் வழக்குக்கு உயிர் உண்டு. கூட வந்தவர் சாட்சி சொல்வார் என்றால் கொஞ்சம் உண்டு. இரண்டுமே இல்லையென்றால் புகார் கொடுக்கலாம், பணம் வரும் என்று என்னால் சொல்ல முடியாது.

அமெரிக்க விஷயம் ஓரளவு உண்மைதான். அங்கே ஆளை விட்டுவிட்டு பணத்தின் மேலேயே சிவில் வழக்குப் போடும் முறை இருக்கிறது. நெப்ராஸ்கா மாநிலத்தில் நெடுஞ்சாலையில் வேகமாகப் போனதற்காக நிறுத்தப்பட்ட ஒருவரின் காரில் ஐஸ் பெட்டிக்குள் பணம் இருந்தது. போதைப் பொருள் எதுவும் சிக்கவில்லை. "அமெரிக்க அரசு எதிர் 1,24,700 டாலர்" என்பதே வழக்கின் பெயர். 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மத்திய அரசோடு சேர்ந்து பறிமுதல் செய்தால் உள்ளூர் போலீஸுக்கு 80 சதவீதம் வரை பங்கு கிடைக்கும் என்பதுதான் அங்குள்ள பெரிய வியாதி. நியூ மெக்சிகோ மாநிலம் 2015இல் இந்தச் சிவில் முறையையே ஒழித்துவிட்டது. இங்கே உங்களிடம் எடுத்த பணத்தில் எந்தக் காவல் நிலையத்துக்கும் சட்டப்படி ஒரு ரூபாய் பங்கு கிடையாது. அது கருவூலத்திலோ நீதிமன்றத்திலோதான் இருக்கும், உங்கள் பெயரிலேயே இருக்கும்.

வக்கீல்? குழுவுக்குத் தேவையில்லை, நீங்களே போங்கள். கறிக்கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. மைத்துனரின் புகாரை மட்டும் அனுப்புவதற்கு முன் உங்கள் ஊர் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். அது தாமதித்தால் கெடும் விஷயம், இந்த வாரமே போகட்டும்.