‘திடீர்னு எப்படி நம்பினா?’ - காதல் நாவல் எழுதுவோர் கேள்வி பதில்

கணவனிடம் ஏமாந்து விவாகரத்தான நாயகி, ஐந்து வருடம் கழித்து இன்னொருவனை நம்பத் தொடங்குவதுதான் என் நாவல். படித்த தோழிகள் எல்லோரும் ‘திடீர்னு எப்படி நம்பினா?’ என்கிறார்கள். எங்கே சறுக்கினேன்?
- வாசகி, பெரம்பூர்

‘இவன் வேற மாதிரி என்று அவளுக்குத் தோன்றியது’ என்று எங்கேயாவது எழுதியிருக்கிறீர்களா? அங்கேதான். சூடு கண்டவளுக்கு நம்பிக்கை திரும்புவதை, அவள் கைவிடுகிற ஜாக்கிரதைகளை வைத்துத்தான் வாசகர் கணக்குப் போடுவார். முதல் அத்தியாயத்திலேயே நாலைந்து ஜாக்கிரதைகளை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள். ஹோட்டலில் பில் வந்த நிமிஷமே தன் பங்கை ஜிபேயில் அனுப்பிவிடுவாள். அவன் காரில் வந்தாலும் வீடு எதுவென்று காட்டாமல் தெருமுனையிலேயே இறங்கிக்கொள்வாள். அவன் சொன்ன கம்பெனி நிஜம்தானா என்று ராத்திரி உட்கார்ந்து தேடுவாள்.

பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். சின்னது முதலில், அவளுக்கு அதிக நஷ்டம் தரக்கூடியது கடைசியில். ஒவ்வொன்றும் கழலுமுன் அவன் இரண்டு தடவையாவது சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்க வேண்டும். ஒரு தடவை என்றால் தற்செயல் என்று வாசகரே தள்ளிவிடுவார்.

நடுவில் ஒருமுறை, கழற்றியதை அவள் திரும்ப மாட்டிக்கொள்ளட்டும், அதுவும் அவன் பெரிய தப்பு எதுவும் செய்யாதபோது. எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன் என்றவன் எட்டே முக்காலுக்குக் கூப்பிடுகிறான். வேளச்சேரியில் தண்ணீர், போனில் சார்ஜ் இல்லை. அந்த முக்கால் மணி நேரத்துக்கு மூன்று பக்கம் கொடுங்கள். பழைய கணவன் என்ன செய்தான் என்பது அதிலேயே வெளிவந்துவிடும், ஃப்ளாஷ்பேக் அத்தியாயம் மிச்சம்.

‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆகலாம்?
- வாசகர், நங்கநல்லூர்

நல்ல கேள்வி. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்த வசதி கிடையாது. நம் ஆட்களோ 3-வது அத்தியாயத்தில் ‘நீங்க’, 4-ல் ‘நீ’, 5-ல் மறுபடி ‘நீங்க’ என்று கைதவறி வீணடிக்கிறார்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டம் இருக்கிறது, அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாத இரண்டு பேர் தமிழில் எப்படிப் பேசிக்கொள்வார்கள்? “சாப்பிட்டாச்சா?” “கிளம்பலாமா?” “எப்ப வரணும்?” மரியாதையும் இல்லை, உரிமையும் இல்லை. இரண்டு மூன்று அத்தியாயம் இப்படியே ஓடட்டும். முதல் ‘நீ’ காதல் காட்சியில் வேண்டாம், சண்டையில் வாய்தவறி விழட்டும்: “உனக்கு என்ன தெரியும்?” சொன்னது அவளாக இருந்தால் இன்னும் நல்லது. அதற்கப்புறம் அவள் பயந்துபோகும் இடத்தில் சும்மா ‘நீங்க’வுக்குத் திரும்பினால் போதும், வாசகருக்கு ஜில்லென்று உறைக்கும். விளக்கம் எழுதிக் கெடுத்துவிடாதீர்கள்.

பிழை திருத்தும்போது ‘நீ’ என்று மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். வந்தியா, வந்தீங்களா என்று வினைமுற்றுகளையும் பாருங்கள்.

பரஸ்பர சம்மத விவாகரத்து மூன்றே மாதத்தில் முடிந்ததாக எழுதலாமா?
- வாசகி, அம்பத்தூர்

காரணம் காட்டினால் எழுதலாம். இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி, மனு போடும்போதே இருவரும் ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு கொடுத்து 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இருவரும் திரும்ப வந்து சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும். அந்த 6 மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லியிருக்கிறது.

ஆனால் எதற்காக வெட்டுகிறீர்கள்? அந்த இடைவெளியில் இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். கையெழுத்துப் போட்ட பிறகும் தூக்கம் வராத ஆறு மாதம், நாவலாசிரியருக்கு அல்வா மாதிரி.

எத்தனை அத்தியாயம் வைக்கலாம்?
- வாசகி, திருவொற்றியூர்

1,500 சொல் வீதம் 36 அத்தியாயம் என்றால் 54,000 சொல், கைக்கு அடக்கமான நாவல். புதியவன் முதல் மூன்று அத்தியாயத்துக்குள் வந்துவிட வேண்டும். பழைய கணவன் நேரில் வருவதானால் ஒரே ஒரு அத்தியாயம், அதுவும் 25-க்குப் பிறகு.

பெசன்ட் நகர் கடற்கரை, சூரியன் கடலில் இறங்குகிறது, அவள் சம்மதம் சொல்கிறாள். கிளைமாக்ஸ் எப்படி?
- வாசகர், தாம்பரம்

சூரியன் இறங்காது சார், நம்முடையது கிழக்குக் கடல். அது முதுகுக்குப் பின்னால், ஃப்ளாட்டுகளுக்கு அந்தப் பக்கம் மறையும். பௌர்ணமி நாளாக வைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதே நேரத்தில் நிலா கடலிலிருந்து எழும். விடாமழை வேண்டுமென்றால் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கதையை நகர்த்துங்கள். ஆக்சிடென்ட், ஆஸ்பத்திரி, ஐசியூ வாசலில் அழுகை என்று மட்டும் போய்விடாதீர்கள். அங்கே அவளுக்கு வருவது பரிதாபம். முதல் அத்தியாயத்து ஜாக்கிரதைகளில் கடைசியாக ஒன்று மிச்சம் இருக்குமே, கடற்கரையில் அதைக் கழற்றச் சொல்லுங்கள்.