தொண்டன் செய்த கொலைக்குத் தலைவன் சிறைக்குப் போகலாமா?

கேள்வி: கொன்றவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்துவிட்டது. சம்பவ இடத்திலேயே இல்லாத கட்சித் தலைவரையும் உள்ளே தள்ளுவது என்ன நியாயம்?

பதில்: கிரேக்கத்தின் கோல்டன் டான் வழக்கைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2013 செப்டம்பரில் அந்த நவநாஜிக் கட்சிக்காரர் ஒருவர் பாவ்லோஸ் ஃபிசாஸ் என்ற ராப் பாடகரைக் குத்திக் கொன்றார். 2020 அக்டோபரில் ஏதென்ஸ் நீதிமன்றம் குத்தியவருக்கு ஆயுள் தண்டனையும், தலைவர் நிக்கோஸ் மிஹாலொலியாகோஸுக்கு 13 ஆண்டுச் சிறையும் விதித்தது. ஆனால் தலைவர் மீது நிரூபணமானது கொலைக் குற்றம் அல்ல. குற்றக் கும்பலை நடத்திய குற்றம். அது அவரே செய்தது. இன்னொருவர் பாவத்தை அவர் தலையில் கட்டவில்லை.

எகிப்திய மீனவர்கள் மீதும் தொழிற்சங்கத்தினர் மீதும் நடந்த தாக்குதல்களும் அதே வழக்கில் விசாரிக்கப்பட்டன. ஒரே ஒரு கொலை என்றால் எவனோ ஒருவனின் வெறி எனலாம். கிளை, பொறுப்பாளர், தாக்குதல் குழு என்று ஒரே முறையில் திரும்பத் திரும்ப நடந்தால் அப்படிச் சொல்ல முடியாது. இத்தனைக்கும், தலைமை உத்தரவிட்டதற்கு ஆதாரமில்லை, விடுவிக்கலாம் என்று அரசு வழக்கறிஞரே வாதிட்டார். ஐந்தாண்டுக்கு மேல் எல்லாத் தரப்பையும் கேட்டுத்தான் நீதிமன்றம் அதை நிராகரித்தது. அந்தப் பொறுமைக்காகவே இத்தீர்ப்பை மதிக்கிறேன்.

கேள்வி: எந்தத் தலைவரும் எழுத்தில் உத்தரவு போடமாட்டாரே?

பதில்: தேவையில்லை. பெரு நாட்டில் 1983-ல் லுகனமார்க்கா என்ற ஊரில் ஷைனிங் பாத் என்ற மாவோயிஸ்ட் ஆயுத இயக்கத்தினர் 69 விவசாயிகளைக் கொன்றார்கள். தலைவர் அபிமாயெல் குஸ்மான் அங்கே இல்லை. ஆனாலும் இயக்கம் முழுவதும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. அந்தப் படுகொலை தலைமையின் முடிவு என்று 1988-ல் பேட்டியிலும் ஒப்புக்கொண்டிருந்தார். 2006-ல் அவருக்கு ஆயுள் தண்டனை.

கேள்வி: வெறும் பேச்சுக்கே தண்டிக்கலாமா?

பதில்: இங்கேதான் எனக்குத் தயக்கம். உடனடி வன்முறையைத் தூண்டும் நோக்கமும், அது நடக்கும் வாய்ப்பும் இருந்தால்தான் பேச்சு குற்றம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969-ல் சொன்னது. அன்று தப்பியவர் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் தலைவர். கசப்பாக இருந்தாலும், 1982-ல் கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் சார்லஸ் எவர்ஸைக் காத்ததும் அதே அளவுகோல்தான்.

மறுபக்கம் செர்பியத் தீவிர தேசியவாதி வொயிஸ்லாவ் ஷெஷெல். 1992-ல் ஹ்ர்ட்கோவ்ட்ஸி கிராமத்தில் குரோஷியர்களை விரட்டச் சொல்லிப் பேசினார், அவர்கள் விரட்டப்பட்டார்கள். ஐ.நா. போர்க்குற்ற நீதிமன்றத்தில் 2016-ல் விடுதலையானவருக்கு 2018-ல் மேல்முறையீட்டில் 10 ஆண்டுச் சிறை. குறிப்பிட்ட ஊர், குறிப்பிட்ட மக்கள், பேச்சைத் தொடர்ந்த வன்முறை மூன்றும் பொருந்தியதால் அது சரியென்றே கருதுகிறேன். பொதுவான வெறுப்புப் பேச்சுக்கும் எங்கோ நடந்த கொலைக்கும் முடிச்சுப் போடுவதை ஏற்கமாட்டேன்.

கேள்வி: கட்சியைத் தடை செய்தால் போதாதா?

பதில்: பெயர் மாற்றி வருவார்கள்.

கேள்வி: நாளை இதே சட்டம் நேர்மையான எதிர்க்கட்சித் தலைவர் மீது பாயாதா?

பதில்: பாயும், பல நாடுகளில் பாய்கிறது. அதனால்தான் கொள்கையைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கக் கூடாது என்கிறேன். யார் யாருக்குக் கட்டளையிட்டார், யார் பணம் கொடுத்தார், தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை என்பதை மட்டுமே அரசு நிரூபிக்க வேண்டும். அதை நிரூபிக்க முடியாவிட்டால், எவ்வளவு வெறுக்கத்தக்க தலைவரானாலும் விடுவிக்கத்தான் வேண்டும்.