அட்டை கல்லுக்குத்தான், வயதுக்கு இல்லை

கேள்வி: சீனச் சுற்றுலா போன என் கணவர், ஹான் வம்சத்துப் பழம்பொருள் என்று பச்சை ஜேட் வளையல் ஒன்று வாங்கி வந்தார். ‘இயற்கையான ஜேடைட்’ என்று ஆய்வக அட்டையும் தந்திருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: அட்டையை நம்பலாம். விற்றவரைக் காட்டிக்கொடுப்பதே அந்த அட்டைதான்.

ஜேட் என்ற ஒரே பெயரில் இரண்டு கற்கள் உண்டு. பழைய சீனர்கள் இழைத்தது நெஃப்ரைட். ஜேடைட் பர்மாவிலிருந்து சீனாவுக்குப் பெருமளவில் போனது 18-ஆம் நூற்றாண்டில். ஹான் ஆட்சி கி.பி. 220-இலேயே முடிந்துவிட்டது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆய்வகம் கல்லின் பெயரைச் சொல்லும், எடையைச் சொல்லும். வயதைச் சொல்லாது. இதை அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? கமிஷனுக்குக் கடை காட்டும் வழிகாட்டிகளுக்கு இந்த மௌனம்தான் மூலதனம். ‘சர்டிபிகேட் இருக்கிறது’ என்பார்கள். எதற்கு என்று மட்டும் சொல்லமாட்டார்கள். அதுவும் போகட்டும், உண்மையான ஹான் காலத்து நகையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு சீனச் சுங்கத்தைச் சட்டப்படி தாண்டவே முடியாது.

நெஃப்ரைட்டாக இருந்தாலும் ஏமாறலாம். அப்போது துளையைப் பாருங்கள். பழைய கைவினைஞர் உளியால் செதுக்கவில்லை. ஈர மணலை வைத்துத் தேய்த்துத் தேய்த்தே கல்லைக் குடைந்தார். அதனால் பழைய மணிகளில் துளையின் வாய் அகன்று, உள்ளே போகப் போகக் குறுகும். இரு பக்கமிருந்தும் குடைந்திருந்தால் நடுவில் சிறு படி தட்டும். குழாய் மாதிரி நேராக, ஒரே அகலத்தில் இருந்தால் இயந்திர வேலை என்று சந்தேகப்படுங்கள். மண்ணில் புதைந்த பழுப்புக் கறை என்று காட்டுவார்கள். சாயம் ஏற்றினாலும் அதே பழுப்பு வரும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். போலி என்றாலே புதுசு என்று எண்ணிவிடாதீர்கள். சோங் வம்சத்துக் காலத்திலேயே, அதாவது 960 முதல் 1279 வரை, பழைய ஜேட்டைப் பார்த்து அதே மாதிரி செய்யும் மோகம் இருந்தது. பின்னால் வந்த சிங் வம்சத்துக் காலத்திலும் செய்தார்கள். அதனால் ‘ஹான் இல்லை’ என்று தெரிந்ததுமே நெஃப்ரைட் பொருளைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். அது எண்ணூறு வருடத்து நகலாக இருந்தாலும் இருக்கும்.

உங்கள் வளையலுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. பழம்பொருள் விலை கொடுத்திருந்தால் நஷ்டம்தான். சரி, கல் நல்ல கல். போட்டுக்கொள்ளுங்கள். அம்மி, கிரானைட் மேடை பக்கம் போகும்போது மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள்.